வாடைக்காலத்துப் பால்சுறா

1974 தை (ஜனவரி) 3, வியாழன்

மழை. ஸ்டோர்க் கூரை மூன்று இடத்தில் ஒழுக்கு, வாளி இரண்டு. மூன்றாவது வாளி கேட்டு, ஸ்டோர்க் கீப்பர் என்ற முறையில், தலைமைக் கந்தோருக்கு எழுதியாயிற்று. பதில் வருமுன் மாரி முடிந்துவிடும்.

படகுப் பட்டறைக் கரையில் ஓர் இழுவைப் படகை ஏற்றியிருக்கிறார்கள். அடியெல்லாம் சிப்பி. பெயின்ற் வேலைக்காரர் பொன்னுத்துரை பழைய பெயின்றைச் சுரண்டத் தொடங்கிவிட்டார். சிவப்புத் தூள் மழைத் தண்ணீரோடு வழிந்து நேரே கடலுக்கு.

வழங்கியது: சுரண்டி 4, கம்பித் தூரிகை 6, படகின் அடிக்குப் பூசும் பெயின்ற் பீப்பா 2. பீப்பாவில் வழக்கமான மண்டை ஓடு. வழக்கமான என் கையெழுத்து.

வீட்டில் பேரனுக்கு ஒன்பதாம் நாள். பெயர் இன்னும் வைக்கவில்லை. மருமகன் மாகோவில், ரயில் வேலை. "மகன் யாரைப்போல?" என்று கடிதம் போட்டிருக்கிறார். நான் பார்த்த அளவில் பிறந்த குழந்தைகள் எல்லாம் எங்கள் மனேஜரைப்போல. அதை எழுத முடியாது.

அக்கா நிலாவெளியிலிருந்து வந்து குசினியைப் பிடித்துக்கொண்டாள். என் மகள் றோசலினுக்குக் காலையில் சரக்குத் தண்ணி, மத்தியானம் பால்சுறாக் கறி, இரவு பால்சுறா வறை. பால் ஊறவேண்டுமாம். பால்மா கடையில் பெயராக மட்டும் இருக்கிறது. ஆகவே இந்த ஊர்க் குழந்தைகளின் போஷாக்குத் திட்டம் முழுவதும் சுறாவின் பொறுப்பில்.

ஸ்டோர்ப் பூனை நேற்றிலிருந்து வட்டமாக நடக்கிறது. இடப்பக்கம் மட்டும்.

தை 4, வெள்ளி

மழை இல்லை. வாடைக்காற்று.

பத்து மணிபோல் பூனை வட்டத்தை நிறுத்திவிட்டு நேராக நடந்தது. கரை விளிம்புவரை. அங்கேயும் நிற்கவில்லை. கடலுக்குள் இறங்கி நடந்தது. ஓடவில்லை, விழவில்லை. வேலைக்குப் போகிற மாதிரி.

பொன்னுத்துரை பார்த்துக்கொண்டு நின்றார். "ஐயா, அது நீந்தவே இல்லை," என்றார். அவர் கையில் சுரண்டி படபடவென்று ஆடியது. குளிரோ என்று கேட்டேன். "குளிர் இல்லை ஐயா. ரெண்டு மாசமாய் இப்பிடித்தான். சொண்டும் என்ர சொண்டு மாதிரி இல்லை. வேற ஆளின்ர சொண்டால தேத்தண்ணி குடிக்கிற மாதிரி."

வெள்ளிக்கிழமை ஆதலால் வீட்டில் இறைச்சி பாவம். மீன் புண்ணியம். எனக்கு வழக்கம்போல் தலை.

தை 6, ஞாயிறு

பூசை. தேவாலயத்தில் சுவாமியின் பிரசங்கம், அப்பமும் மீனும் பெருகியது பற்றி. அப்பம் எந்தக் கியூவில் வாங்கியது என்பதைச் சொல்லவில்லை.

பூசை முடிந்து மீன்சந்தை. ஏதோ குறைகிறது. என்னவென்று பிடிபடவில்லை. மீன் இருந்தது, சனம் இருந்தது, வெட்டுகிற மேடைக்குக் கீழே குடல் குவியல் இருந்தது. ஈயும் இருந்தது. வீடு பாதி தூரம் வந்த பிறகே தெரிந்தது. திரும்பிப் போய்ப் பார்த்தேன். ஒரு பூனைகூட இல்லை.

வெட்டுகிறவனிடம் கேட்டேன். தலை நிமிராமல் சொன்னான்: "அதுகள் மார்கழியோட முடிஞ்சுது. கடைசியா நிண்டது இந்த மேடையில ஏறி ஆடினது ஐயா. சனம் கூடி நிண்டு சிரிச்சுது."

"ஆடினதோ?"

"ஓம். பின்னங்கால்ல. பிறகு சுவரில போய் மோதிச்சுது. ஐயாவுக்குப் பாரை வேணுமே?"

வாங்கினேன். ஏன் வாங்கினேன் என்று தெரியவில்லை. சந்தைக்கு வந்தவன் மீனோடு திரும்புவது வழக்கம்.

தை 7, திங்கள்

"ஆடின பூனை" எங்கேயோ வாசித்தது. பகல் முழுக்கத் தேடினேன்.

உதிரிப் பாகங்களைச் சுற்றிவருகிற வெளிநாட்டுப் பத்திரிகைத் தாள்களை நான் எறிவதில்லை. என் படிப்பில் பாதி அப்படி வந்ததுதான். முடிவில்லாத கட்டுரைகள், தொடக்கமில்லாத கதைகள். பம்புப் பாகம் ஒன்றைச் சுற்றிய தாளில் இருந்தது. ஜப்பானில் ஒரு குடா. ஒரு தொழிற்சாலை கழிவைக் கடலில் விட்டது. கழிவில் பாதரசம். முதலில் பூனைகள் ஆடின. பிறகு மீனவர்கள் நடக்கும்போது தள்ளாடினார்கள். பிறகு பிறந்த குழந்தைகள்

தாள் அதோடு கிழிந்திருந்தது. மிச்சம் வேறெந்தப் பாகத்தைச் சுற்றியதோ.

பீப்பா ஒன்றைத் துடைத்து, மண்டை ஓட்டுக்குக் கீழே பொடி எழுத்தில் உள்ளதை வாசித்தேன். கலவையில் பாதரசச் சேர்மம். சிப்பி ஒட்டினால் சாகவேண்டும் என்பதற்காகத்தான். இத்தனை வருசம் மண்டை ஓடு சிப்பிக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். சிப்பிக்கு வாசிக்கத் தெரியாது என்பதை யோசிக்கவில்லை.

தை 9, புதன்

நித்திரை இல்லை. யோசித்தது, பிறகு பார்க்க:

தூள் சேற்றில் விழும். சேற்றுப் புழு தின்னும். புழுவை இறால் தின்னும், இறாலைச் சிறுமீன், சிறுமீனைப் பாரை, எல்லாவற்றையும் சுறா. கந்தோரில் கோப்பு ஏறுகிற முறையேதான். ஒவ்வொரு மேசையிலும் ஒரு தாள் சேரும், ஒருவரும் ஒரு தாளையும் எடுப்பதில்லை. கீழ்மேசையில் மெல்லிய கோப்பு, மேல்மேசைக்குப் போகும்போது தூக்க ஏலாது. சுறா மேல்மேசை என்று நினைத்தேன். இல்லை. சுறாவுக்கு மேலே றோசலின். றோசலினுக்கு மேலே, பதினைந்து நாள் வயதில், என் பேரன்.

வாடையில் வெளிக்கடலுக்கு ஒருவரும் போவதில்லை. ஐப்பசியிலிருந்து ஊர் தின்பது முழுவதும் உள்துறைமுக மீன். வள்ளங்கள் வலை போடுவது எங்கள் பட்டறைக்கு முன்னால். அங்கேதான் காற்று குறைவு.

பழைய கோப்பை எடுத்தேன். சுரண்டிய தூளைச் சாக்கில் கட்டி ஸ்டோருக்குப் பின்னால் போடுவதுதான் முதலில் வழக்கம். அது தரையைச் சிவப்பாக்குகிறது, நாறுகிறது என்று ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார் ஒருவர்: "இனிமேல் சுரண்டல் தூளை ஸ்டோர் எல்லைக்குள் சேமித்தல் ஆகாது. சனிக்கிழமைதோறும் தண்ணீர் அடித்துக் கடலுக்குத் தள்ளுக." நல்ல வசனம். சொல் ஒன்றுகூட மிகை இல்லை. கீழே கையெழுத்து என்னுடையது. எழுதிய அன்று இரண்டு முறை வாசித்து ரசித்தது ஞாபகம் இருக்கிறது.

தை 11, வெள்ளி

மனேஜரிடம் போனேன். தாளையும் காட்டினேன். பாதியை வாசித்துவிட்டு மறுபக்கம் திருப்பி, அங்கே இருந்த கார் விளம்பரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஸ்டோர், உமக்கு வாசிக்கிற வியாதி. கடல் எவ்வளவு பெரிசு எண்டு தெரியுமோ?"

தெரியும் என்றேன்.

"அப்ப?" என்றார். பிறகு மிக அன்பாக: "இதை மேலே அனுப்பலாம். தூளைக் கடலில் தள்ளச் சொன்னது ஆர் எண்டு முதலில் கேப்பினம். கோப்பு உம்மட்டைத்தானே இருக்கு?"

கோப்பு என்னிடம்தான் இருக்கிறது.

அதே இருப்பில் இன்னொரு வேலையும் முடித்தார். பொன்னுத்துரை நேற்று ஏணியிலிருந்து விழுந்திருக்கிறார். நடை தள்ளாட்டம், பேச்சுக் குழறல். வேலை நேரத்தில் குடிபோதை என்று நீக்கக் கடிதம். என்னைத் தட்டச்சில் அடிக்கச் சொன்னார். பொன்னுத்துரை குடிப்பதில்லை என்றேன். "நீர் வைத்தியரோ?" என்றார்.

அடித்தேன். பிழை ஒன்றும் இல்லாமல்.

பொன்னுத்துரை கடிதத்தை வாங்கிப் பிடிக்க மூன்று தரம் முயன்றார். "ஐயா, நான் கள்ளுத் தண்ணியை மணந்ததும் இல்லை. உங்களுக்குத் தெரியுமெல்லே?" ஓம் என்றேன். ஈச்சிலம்பற்றில் அவருடைய தமையன் வீடு. அங்கே போகிறாராம்.

தை 12, சனி

சனிக்கிழமைத் தண்ணீர் அடிப்பை நிறுத்தச் சொன்னேன். தூள் மறுபடி ஸ்டோருக்குப் பின்னால், சாக்கில். இது என் அதிகாரத்துக்குள் உள்ள முழுப் புரட்சி.

காசிம் காக்கா வந்தார். கிண்ணியாவிலிருந்து காலைப் பாதைப் படகில் சைக்கிளோடு ஏறி, பெட்டி நிறைய மீனோடு எங்கள் ஒழுங்கைக்கு வருகிறவர். றோசலின் பிறந்தபோது அவள் தாய்க்கும் சுறா கொண்டுவந்தவர் இவர்தான். வெளிக்கடல் மீன் மட்டும் தாருங்கள் என்றேன்.

"ஐயா என்ன கதை கதைக்கிறீங்க? வாடை அடிக்கிது. பங்குனி மட்டும் வெளியால போக ஏலா."

"கருவாடு?"

"திரியாய்ப் பக்கத்துச் சுறாக் கருவாடு இரிக்கி. போன சோளகக் காத்துக் காலத்தில வெளிக்கடல்ல பட்டது. ஆனாப் பிள்ளைப்பெத்தவளுக்குக் கருவாடோ?"

கொண்டுவாருங்கள் என்றேன். இனிக் கருவாடு மட்டும். தலையை ஆட்டினார். ஓம் என்று சொல்லவில்லை. இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

அக்காவுக்கு என்ன சொல்வது? உண்மை சொன்னால் அடுத்த கேள்வி, ஆர் தள்ளச் சொன்னது. ஆகவே அவள் மொழியில் ஒரு பொய் தேடினேன். "அக்கா, வாடைக்காலத்து உள்துறைமுகச் சுறா சரியான சூடாம். கவனம்."

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். "அப்பிடியோ தம்பி?" என்றாள். அதற்குமேல் கதை இல்லை. அவ்வளவு சுலபமாக முடியும் என்று நினைக்கவில்லை. என் திறமையை நானே மெச்சினேன்.

தை 14, திங்கள்

அயல் வீட்டுப் பொங்கல் வந்தது. கருவாடும் வந்தது. எனக்குத் தட்டில் கருவாட்டுக் கறி. நல்ல உப்பு.

அக்காவிடம் சொன்னேன், றோசலினுக்குக் கொடுக்கிறதில் மிச்சம் ஏதும் இருந்தால் வீட்டுப் பூனைக்கும் அதையே போடு என்று. ஏன் என்றாள். பாவம், மெலிந்துபோயிற்று என்றேன். உண்மையில் அதைச் சோதனைக்கு வைத்திருக்கிறேன். ஜப்பானில் தெரியாமல் நடந்ததை நான் தெரிந்துகொண்டு செய்கிறேன். விஞ்ஞானம் இப்படித்தான் வளர்கிறதாக்கும்.

பூனை: நேராக நடக்கிறது.

தை 17, வியாழன்

தூறல். சேட்டுப் பொத்தான் போட வெகுநேரம். விரல் மரத்துப்போயிருக்கிறது. வாடைக் குளிர்.

பக்கத்து வீட்டார் குழந்தையைப் பார்க்க வந்தார்கள். "அழுறதே கேக்கேல்லை. எவ்வளவு நல்ல பிள்ளை," என்றார் அந்த மனுசி. அக்காவுக்குப் பெருமை. நானும் யோசித்துப் பார்த்தேன். ஆறேழு நாளாகக் குழந்தை அழுது நான் கேட்கவில்லை. வாயைத் திறக்கிறது, முகம் சிவக்கிறது. சத்தம் வருவதில்லை, வந்தாலும் பூனைக்குட்டிச் சத்தம்.

பூனை: நேர்.

தை 21, திங்கள்

பூனை: நேர். பேக்கரி வாசலில் பாண் கியூ, ஒன்றரை மணித்தியாலம். முன்னால் நின்றவர் நாட்டின் பொருளாதாரம் பற்றி முழுமையாக விளக்கினார். அவருக்குப் பாண் கிடைக்கவில்லை.

றோசலின் கேட்டாள்: "அப்பா, பிள்ளைப்பெத்தால் விரல் நுனி மரக்குமோ?" உன் பெரியம்மாவைக் கேள் என்றேன். பெரியம்மா சொன்னாளாம், காற்றுப் பட்டிருக்கும், காலுறை போடு என்று.

கர்ப்பகாலம் முழுவதும் அவள் தின்றது என்ன? கணக்கெடுக்கத் தொடங்கி நிறுத்திவிட்டேன்.

தை 24, வியாழன்

விளக்கைக் குழந்தையின் முகத்துக்கு முன்னால் இடமும் வலமும் கொண்டுபோனேன். கண் போகவில்லை. ஒரு மாதக் குழந்தைக்குக் கண் போகவேண்டுமா? தெரியாது. எல்லாவற்றையும் வாசித்தவனுக்கு இது தெரியாது.

பூனை: நேர். பூனை நேராக இருப்பதால் பயம் வேண்டியதில்லை என்று எழுதிவைக்கிறேன்.

தை 27, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை.

விடிய முற்றத்தில் பூனை. வட்டம். இடப்பக்கம். பேர் சொல்லிக் கூப்பிட்டேன், காது திரும்பியது, உடம்பு திரும்பவில்லை. கிணற்றுக்கட்டில் போய் மோதியது. பின்வாங்கி அதே இடத்தில் மறுபடி மோதியது.

குசினிக்குப் போனேன். "அக்கா, பூனைக்கு என்ன போட்டனீ?"

"நீ சொன்னதைத்தான். றோசலினுக்குக் குடுக்கிறதில மிச்சம்."

"கருவாடோ?"

"கருவாடு உனக்கு. பிள்ளைப்பெத்தவளுக்கு ஆராவது கருவாடு குடுப்பினமோ? அவளுக்குப் பச்சைப் பால்சுறா."

"உள்துறைமுகச் சுறா வேண்டாம் எண்டு சொன்னனானெல்லே."

"எப்ப சொன்னனீ? சூடு எண்டு சொன்னாய்." அகப்பையை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் கள்ளம் ஒன்றும் இல்லை. "பிள்ளைப்பெத்த உடம்பு பச்சை உடம்பு. இந்த மழைக்குள்ள அதுக்குச் சூடுதானே தம்பி வேணும். உனக்கு இவ்வளவு தெரிஞ்சிருக்கே எண்டு சந்தோசப்பட்டனான். அண்டையிலயிருந்து காலமையும் சேத்து மூண்டு நேரமும் குடுக்கிறன்."

நான் சொன்ன பொய்யை அவள் முழுதாக நம்பியிருக்கிறாள். என்னை இவ்வளவு கவனமாக இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

தை 28, திங்கள்

காசிம் காக்காவைச் சந்தியில் பிடித்தேன். முதல் தடவையாக அவரிடம் குரலை உயர்த்தினேன். அவர் சைக்கிளை விட்டு இறங்கிக் கேட்டுக்கொண்டு நின்றார்.

"ஐயா முன்வாசல்ல வேணாம் எண்டீங்க. உங்கட அக்கா பின்படலையால வேணும் எண்டாங்க. பிள்ளைப்பெத்த ஊட்டில சுறா கேட்டா இல்லையெண்டு சொல்றதில்ல. எங்கட வாப்பா காலத்திலயிருந்து அப்பிடித்தான். முதல்ல அந்த ஊட்டுக்கு எடுத்து வெச்சிட்டுத்தான் மத்த ஆக்களுக்கு."

"எங்கே பட்ட சுறா?"

"பட்டறைக்கு முன்னால. நல்லதாப் பாத்து, பெரிசா எடுத்து வெச்ச நான்."

அவர் முகம் கவலையாயிருந்தது. "ஏன் ஐயா, பிள்ளைக்குப் பால் காணாதோ?"

பூனை பகல் செத்தது. புதைத்தேன். அக்கா, நாய் ஏதும் கடித்திருக்கும் என்கிறாள்.

தை 30, புதன்

அக்காவிடம் சுறாவை நிறுத்து என்று கத்தினேன். காரணம் கேட்டாள். சொல்லாமல் கத்தினேன். நிறுத்திவிட்டாள், ஆனால் றோசலினிடம், "உன்ர கொப்பருக்கு என்னவோ பிடிச்சிட்டுது," என்றது கேட்டது.

இனிக் குழந்தைக்கு என்ன? பால்மா தேடிப் போனது: கூட்டுறவுக் கடை, மூடல். பெரிய கடைத்தெரு, இல்லை. ஒருவர் மட்டும், இரண்டு கிழமை கழித்து வாருங்கள் என்றார். போன மாதமும் அதையே சொன்னவர். ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர் குழந்தையைத் தூக்கிப் பார்த்தார். பாதரசம் என்றேன். "ஆர் சொன்னது?" என்றார். தாளை எடுத்துக் கொடுத்தேன். "இதின்ர மற்றப் பாதி எங்கே?" என்றார். நியாயமான கேள்வி. தாய்ப்பாலை நிறுத்தவேண்டாம், அதற்கு நிகராக ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பினார். அவரிலும் பிழை இல்லை. அவருடைய புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கும்.

மாசி 1, வெள்ளி

தாய்ப்பாலும் கொடுக்கவேண்டாம் என்று, காரணம் சொல்லாமல், றோசலினைத் தடுத்துவிட்டேன். ஆட்டுப்பால். தண்ணீர் விட்டுக் காய்ச்சி, சங்கில் பருக்கினோம். விழுங்கவே கஷ்டப்பட்டது. விழுங்கியதையும் கக்கிவிட்டது. இரண்டாம் தரமும். மூன்றாம் தரம் உதட்டைத் திறக்கவில்லை. அக்கா அழுதாள். றோசலின் அழவில்லை. மார்பு கட்டி வலிக்கிறது என்று சுவரோடு சாய்ந்திருந்தாள். அவள் பார்த்துக்கொண்டிருந்தது குழந்தையை அல்ல, என்னை.

மாசி 2, சனி

காற்று விழுந்துவிட்டது. கடல் தட்டையாக, எண்ணெய் ஊற்றியதுபோல்.

விடியக் குழந்தைக்கு உடம்பு சுட்டது. பால் குடித்துப் பன்னிரண்டு மணித்தியாலம். றோசலின் என்னைக் கூப்பிட்டாள். அக்காவை வெளியே போகச் சொன்னாள். கதிரையைக் காட்டினாள். இருந்தேன்.

"சொல்லுங்கோ."

சொன்னேன். பீப்பா, தூள், புழு, சுறா. பூனைகள். பொன்னுத்துரையின் கடிதம். கடைசியாக என் குறிப்பை, வசனம் மாறாமல். அது மட்டும் எனக்கு மனப்பாடம்.

முடிந்த பிறகு கேட்டாள்:

"அப்பாவுக்கு எப்ப தெரியும்?"

"தை ஏழு."

"இண்டைக்கு மாசி ரெண்டு."

"ஓம் பிள்ளை."

"ஏன் சொல்லேல்லை?"

ஆர் தள்ளச் சொன்னது என்று கேட்பார்கள் என்று பயந்தேன் என்றேன்.

"என்ர பாலில இருக்கா?"

"தெரியாது."

"இருக்கலாமா?"

"இருக்கலாம்."

"வேற ஏதும் இருக்கா குடுக்க?"

"இல்லை."

குழந்தையை எடுத்தாள். பொத்தானைக் கழற்ற அவள் விரலுக்கும் நேரம் எடுத்தது. என் பக்கம் முதுகு வரும்படி, சுவரைப் பார்த்துத் திரும்பி இருந்தாள்.

"கதவைச் சாத்திப்போட்டுப் போங்கோ அப்பா."

சாத்தினேன். விறாந்தையில் நின்றேன். பிறகு குழந்தை குடிக்கிற சத்தம். இழுத்து இழுத்து, விடாமல். நல்ல பசி.